புளியங்குடிக்குப் போனோம்

கும்பகோணத்து வீடுகளில் வாசலுக்கு எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவு மரியாதை கொல்லைக்கும் உண்டு. வாசலில் கோலம், கொல்லையில் கிணறு, துளசி மாடம், இரண்டு வாழை, ஓர் எலுமிச்சை. வாசலோடு திரும்புகிறவர்கள் விருந்தாளிகள், கொல்லை வரையில் வருகிறவர்கள் உறவினர்கள் என்று நம் தாயார் சொல்வது வழக்கம். அப்படி வருகிறவர்கள் யாரும் நம் வீட்டுக் கொல்லையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பியதில்லை. நாலு எலுமிச்சம் பழமாவது முந்தானையில் முடிந்து கொண்டுதான் போவார்கள்.

அந்த மரத்தைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நம் தாயார் விதையிலிருந்து உண்டாக்கினார். மாலைதோறும் அதன் கீழே நின்று, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, காய்ந்த குச்சிகளை ஒடித்துப் போட்டு, மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் விடுவார். சில நாட்களில் விடமாட்டார். "தாகம் எடுத்தால் அதுவே சொல்லும்" என்பார். பட்டம் பெற்றவர்களான நாம் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சிகிச்சைக்குப் பின் பிழைத்தெழுந்தாரே தவிர, கட்டிலை விட்டு நாற்காலி, நாற்காலியை விட்டுக் கட்டில் என்ற அளவோடு அவருடைய நடமாட்டம் நின்று போயிற்று. வயதோ எழுபத்தெட்டு. எலுமிச்சை மரத்தின் பராமரிப்பு நம் கைக்கு வந்து சேர்ந்தது. அன்று பிடித்தது அந்த மரத்துக்குச் சனி.

நாம் செய்த உபசாரங்கள்

நாம் மரத்தை அலட்சியம் செய்துவிட்டோம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. அலட்சியம் செய்திருந்தால் அது நன்றாகவே இருந்திருக்கும். நாம் செய்ததெல்லாம் உபசாரம்.

முதலில் மரத்தின் தூரைச் சுற்றிச் செங்கல்லால் ஒரு வட்டச் சுவர் கட்டினோம். அதற்குள் குளத்து வண்டலைக் கொட்டி ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைத்தோம். சமையலறையில் பாத்திரம் கழுவிய நீர் முழுவதும் அந்தத் தொட்டிக்கே போகும்படி கால்வாய் வெட்டினோம். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்பை, மண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதன் பேரில், அங்கேயே கவிழ்த்தோம். மாதம் தவறாமல் இரண்டு பிடி யூரியாவும் போட்டு வந்தோம். இவ்வளவையும் செய்துவிட்டு, மரம் நமக்கு நன்றி செலுத்தும் என்று காத்திருந்தோம்.

மரம் வேறு விதமாகப் பதில் சொல்லிற்று. கொழுந்து இலைகள் சிறுத்துக் கூம்பின. நரம்பு பச்சையாகவும் நடுவெல்லாம் மஞ்சளாகவும் ஆயின. கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்தன. பிஞ்சுகள் கோலிக்குண்டு பருமன் ஆவதற்கு முன்பே உதிர்ந்தன. உச்சியில் ஒரு பக்கம் வெறும் விறகாகிவிட்டது.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? திருஷ்டி என்றார் ஒருவர். தென்னைக்குப் போடுவதுபோல் உப்புப் போடச் சொன்னார் இன்னொருவர். மருந்துக் கடையில் மூன்று புட்டி கொடுத்தார்கள்; மூன்றையும் அடித்தோம்; எறும்புகள் கூட அசையவில்லை. கடைசியாக ஒரு கொத்தனார் வந்து பார்த்து, "இதை வெட்டிவிட்டால் இங்கே ஒரு கார்க் கொட்டகை போடலாம்" என்று நல்ல வார்த்தை சொன்னார். கோடை விடுமுறை முடிவதற்குள் வெட்டிவிடுவது என்று நாமும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

இதையெல்லாம் தாயாரிடம் மறைத்தோம். தினம் காலையில் அவருக்கு எலுமிச்சம் பழச்சாறு கொடுப்பது வழக்கம். கடைத்தெருவில் பழம் வாங்கி வந்து பிழிந்து கொடுத்தோம். ஒரு நாள் அவர், "பழத்தைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். கண் பார்வை மங்கியவர் அல்லவா? கையில் வாங்கி உருட்டினார். நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தார்.

"இது கடைப் பழம். நம் மரத்துக்கு என்ன?"

"ஒன்றும் இல்லை, அம்மா. காய்ப்பு ஓய்ந்திருக்கிறது" என்றோம்.

"பதினெட்டு வருஷமாக ஓயாதது இப்போது ஏன் ஓய்ந்தது?"

நமக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. ஆனால் அன்றிரவு நம் இல்லாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "மரத்தை வெட்டுவதானால் முதலில் அத்தையிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள். சொல்ல முடியாது என்றால், பிழைக்க வைக்க வழி பாருங்கள்."

நம்முடன் வேலை பார்க்கும் உபாத்தியாயர் ஒருவருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அவருடைய தாய்மாமன் புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருக்கிறார். "கண் வலிக்குக் கண் டாக்டரிடம்தானே போக வேண்டும்? எலுமிச்சைக்குப் புளியங்குடிதான் ஆஸ்பத்திரி" என்றார் நண்பர். சென்ற ஆண்டு வைகாசியில், தாயாரைத் தங்கை வசம் ஒப்பித்துவிட்டு, நாமும் நம் இல்லாளும் பிரயாணமானோம். நோயுற்ற இலைகளும் குச்சிகளும் ஒரு துணிப் பையில் நம்முடன் பிரயாணம் செய்தன.

கரிசலும் செம்மண்ணும்

மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயிலில் கும்பகோணத்தில் ஏறினால், தமிழ்நாட்டு மண்ணின் நிறங்களை எல்லாம் ஒரே பகலில் பார்த்துவிடலாம். தஞ்சாவூர் வரையில் வண்டல். திருச்சிக்கு அப்பால் பாறையும் மேடும். திண்டுக்கல், மதுரை தாண்டி விருதுநகரை நெருங்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிகிறபோதே வலக்கைப் பக்கம் மேற்கு மலைத் தொடர் நீலச் சுவராக எழும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தச் சுவர் நம்மை விட்டுப் பிரிவதே இல்லை.

இரவு சங்கரன்கோவிலில் தங்கினோம். காலையில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசித்தோம். பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே திருமேனியில் நிற்கும் அந்தச் சந்நிதியில் சமயச் சண்டைக்கு இடமில்லை. ஆடித் தபசு இவ்வூரின் பெருந் திருவிழா. இங்கே புற்று மண்ணே பிரசாதம். நோய்க்கு மருந்தென்று பக்தர்கள் நெற்றியில் இட்டுக் கொள்கிறார்கள். மண்ணைத் தேடி வந்த நமக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே பஸ் போகப் போக, பூமி நிறம் மாறுகிறது. பருத்தியும் சோளமும் கண்ட கரிசல் பின்தங்கி, சரளை கலந்த செம்மண் தலைகாட்டுகிறது. மலையடிவாரம் நெருங்குகிறது. செம்மண்ணில் நீர் தங்காது. ஊற்றிய நீர் கீழே இறங்கிவிடும். எலுமிச்சைக்கு வேண்டியதும் அதுதான். இந்த எளிய உண்மையின் விலை நமக்கு அப்போது தெரியவில்லை.

புளியங்குடி முன்பு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி ஜில்லாவானபோது அதில் சேர்ந்தது. சற்று வடக்கே வாசுதேவநல்லூர். அதற்குக் கிழக்கே நெற்கட்டும்செவல். 1755-இல் கப்பம் கேட்டுப் படையோடு வந்த வெள்ளைக்காரத் தளபதியிடம் தர மறுத்து நின்ற பூலித்தேவரின் பூமி இது. 1767 வரையில் அவருடைய கோட்டைகள் பீரங்கிகளுக்கு ஈடு கொடுத்தன. நாடெங்கும் சுதந்திரப் போர் என்ற பேச்சு எழுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இந்த மலையடிவாரத்துச் செம்மண் அதற்கு இரத்தம் கொடுத்துவிட்டது.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் வரவேற்றது வாசனை. எலுமிச்சை கமிஷன் கடைகளில் பழங்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. பச்சைக் காய் ஒரு குவியல், பழுத்தது ஒரு குவியல். பெரியது தனி, சிறியது தனி. சாக்கு மூட்டைகள் லாரியில் ஏறிக் கொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கமுள்ள கேரள நாட்டுக்குப் பெருவாரியாகப் போகிறதென்று சொன்னார்கள். கோடையில் காய் குறைவு, விலை அதிகம். மழைக் காலத்தில் காய் அதிகம், விலை பாதாளம். ஆகையால் கோடையில் காய்க்க வைப்பவனே கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் இந்த ஊரில் தலைமுறைச் சொத்து. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் நாடெங்கும் பரப்பிய பி.கே.எம்.-1 என்னும் ரகம்கூட இந்தப் பக்கத்துக் கடையம் எலுமிச்சையிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான்.

வாசலில் நிறுத்தினார்

நண்பரின் மாமாவை ஊரார் எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். எழுபதைத் தாண்டிய வயது, தோளில் துண்டு, கையில் சிறு அரிவாள். தோப்பு வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆனால் நம் கையிலிருந்த துணிப் பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பையில என்ன, வாத்தியாரையா?"

"எங்கள் மரத்து இலை, அண்ணாச்சி. நோய் இன்னதென்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"அங்கனயே நில்லுங்க!" என்றார்.

நாம் திகைத்துப் போனோம். அவர் நம்மைச் சாலைக்கு அப்பால் ஒரு வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனார். "கோவிச்சுக்கிடாதிய. ஆஸ்பத்திரிக்கு வாற நோயாளிய ஊர் வழியாவா கூட்டிட்டுப் போவாக? இதுல சொறி இருந்தா என் தோப்புக்கு ஒட்டிக்கிடும். இங்கன வச்சே பாப்போம், பாத்துட்டுத் தீ வச்சிருவோம்" என்றார்.

நம் மாணவர்கள் முன்னிலையில் நிறுத்தப்பட்டது போன்ற வெட்கம் உண்டாயிற்று. சொறிநோய் என்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவினால் வருவது. மழைத் துளியிலும் காற்றிலும் மட்டுமின்றி மனிதர் கையிலும் அரிவாளிலும் கூட அது பிரயாணம் செய்யும் என்று நாம் வகுப்பில் சொல்லியிருக்கலாம். கையில் பையை எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அண்ணாச்சி துண்டை விரித்து இலைகளை ஒவ்வொன்றாக வைத்தார். பழுப்பு நிறத்தில் தடித்து, சுற்றிலும் மஞ்சள் வளையமிட்ட சிறு கொப்புளங்கள் இருந்த இலைகளைத் தனியே ஒதுக்கினார். "இது சொறி. கொஞ்சமாத்தான் இருக்கு. இந்த வெள்ளிக் கோடு பாத்தியளா? பூச்சி இலைக்குள்ள தோண்டுன பாதை. அந்தப் புண்ணு வழியாத்தான் சொறி உள்ள போகும்" என்றார்.

பிறகு மஞ்சள் இலைகளை எடுத்து வெயிலில் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு நிமிஷமும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல நாம் இருந்தோம்.

"பயப்படாதிய" என்றார் கடைசியில். "நடு நரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மஞ்சள் ஒண்ணுபோல இருக்கு. இது பட்டினி. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறு பக்கம் வேற மாதிரி திட்டுத் திட்டா இருந்தாத்தான் ஆபத்து."

அவர் சொன்ன ஆபத்து இன்னதென்று நாம் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டோம். ஆங்கிலத்தில் அதைக் கிரீனிங் என்கிறார்கள். சிறு தத்துப்பூச்சி ஒன்றினால் பரவும் அந்த நோய்க்கு இன்று வரை மருந்தில்லை. அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தில் 2005-ஆம் ஆண்டு தலைகாட்டி, உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரும் பகுதியை அழித்துவிட்டது. எலுமிச்சைக்குத் தனி எமனாக டிரிஸ்டிசா என்ற வைரஸ் நோயும் உண்டு. அசுவினிப் பூச்சி அதைப் பரப்புகிறது. அண்ணாச்சி நம் குச்சிகளில் ஒன்றின் பட்டையை உரித்துக் கட்டையைத் தடவிப் பார்த்தது அதற்காகத்தான். அந்த நோய் முற்றினால் பட்டைக்கடியில் கட்டை குழி குழியாக இருக்கும். நம் குச்சி வழவழவென்று இருந்தது.

"எல்லாம் சரி. தூர் எப்படி இருக்கு?" என்றார்.

தூரா? நாம் தூரைப் பார்க்கவே இல்லை. நம் இல்லாள் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். செங்கல் தொட்டி, அதற்குள் கழுத்தளவு மண், அதன் மேல் தேங்கிய நீர், தண்டில் மஞ்சள் குங்குமம் எல்லாம் அழகாக விழுந்திருந்தன.

அண்ணாச்சி நெடு நேரம் அதையே பார்த்தார். "கழுத்து வரைக்கும் புதைச்சு வச்சு, வாயில தண்ணிய ஊத்துதிய. அது எப்படிய்யா மூச்சு விடும்?" என்றார்.

தோப்பில் கேட்ட பாடம்

இலைகளைக் கொளுத்தி, கையைச் சோப்பினால் கழுவிய பிறகே நமக்குத் தோப்புக்குள் அனுமதி கிடைத்தது. உள்ளே ஒவ்வொரு மரத்தையும் நம் கண் முதலில் தூரில்தான் பார்த்தது. எங்கும் மண் அணைப்பே இல்லை. மேல் வேரின் தோள் வெளியே தெரியும்படி தண்டு மண்ணிலிருந்து எழும்பிற்று. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தில் நீர் நுழையாது, வெளிவட்டத்தில்தான் பாயும். "சோறு திங்கிற வேரெல்லாம் வெளியே கிளை நிழலுக்கு நேராத்தான் இருக்கு. தூருல ஊத்துனா யாருக்குப் போகும்?" என்றார்.

எலுமிச்சையின் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே படர்கின்றன. நீர் தேங்கினால் அவற்றுக்குக் காற்று கிடைப்பதில்லை. அழுகுகின்றன. அழுகிய வேர் எவ்வளவு உரம் போட்டாலும் உண்ணாது. ஆகையால்தான் நிறைந்த தட்டின் முன்னே மரம் பட்டினி கிடந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் துத்தநாகமும் இரும்பும் இருந்தும் கரையாமல் பூட்டிக் கொள்கின்றன. நாம் கவிழ்த்த வெள்ளைச் சுண்ணாம்பு அந்தப் பூட்டு. தண்டைச் சுற்றி ஈர மண் ஒட்டிக் கொண்டிருந்தால் ஒருவகைப் பூஞ்சணம் பட்டையைத் தின்று பிசின் வடிய வைக்கும். பட்டை சுற்றிலும் அழுகிவிட்டால் மரம் செத்தது. பாதிக்கு மேல் பட்டை நல்லதாயிருந்தால் பிழைக்க வழியுண்டு என்றார் அண்ணாச்சி.

"ஒட்டுக் கன்னா, விதைக் கன்னா?" என்று கேட்டார்.

"விதைதான். அம்மா போட்டது."

"நல்லதாப் போச்சு. ஒட்டுக் கன்னுன்னா இன்னொரு வம்பு இருக்கு. மேல் மரம் நோஞ்சானா இருந்தா, ஒட்டுக்குக் கீழ இருந்து முள்ளும் பெரிய இலையுமா ஒரு போத்து கிளம்பும். மரம் பிழைச்சிட்டுன்னு சனங்க சந்தோசப்படுவாக. அது மரம் இல்ல, மாப்பிள்ளத் தோழன். விட்டா அவனே மாப்பிள்ளை ஆயிருவான். அடியோட கிள்ளிப் போடணும்."

எலுமிச்சை விதையில் ஓர் அதிசயம் உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. ஆகவே தாய் மரத்தின் அச்சாகவே இருக்கும். மாமரத்தைப் போல் எலுமிச்சைக்கு ஒட்டு அவசியமில்லாமற் போனதன் காரணம் இதுவே. நம் தாயார் எந்தப் பழத்தின் விதையைப் போட்டாரோ, அந்தப் பழத்தின் மரமே மறுபடியும் நம் கொல்லையில் நின்றது என்று அறிந்தபோது, அதை வெட்ட நினைத்த நம் மனம் கூசிற்று.

இந்த இனத்தின் பிறப்பிடமே நம் பக்கம்தான். அஸ்ஸாமும் பர்மாவும் யூனானும் கூடுகிற இமயமலை அடிவாரமே எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் ஆதி வீடு என்று விஞ்ஞானிகள் 2018-இல் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாரங்கம் என்ற நம் நாட்டுச் சொல்தான் பாரசீகம், அரபு, ஸ்பானிஷ் வழியாகச் சென்று ஆரஞ்சு என்று வேஷம் மாறித் திரும்பி வந்திருக்கிறது. பரதேசம் போய்ப் பட்டம் வாங்கி வந்த பிள்ளையைப் போல நாமும் அதைப் புதுப் பெயரால் அழைக்கிறோம்!

மறுநாள் ஊர் திரும்புவதற்கு முன் கடையத்துக்குப் போய் வந்தோம். பாரதியார் 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான அங்கேதான் 1920 வரையில் வசித்தார். புதுச்சேரியில் பத்தாண்டு வாசம், பிறகு சிறை, வறுமை எல்லாம் கண்டு வந்த கவியை இந்த மலைக் காற்று ஆதரித்தது. நித்தியகல்யாணி அம்மன் கோயிலருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து சாரல் காற்று வீசிற்று. வாடிய ஜீவன்களுக்கு இடமும் காற்றும் மாறினால் போதும் சில சமயம் என்று நம் இல்லாள் சொன்னாள். மரத்தைச் சொன்னாளா, மாமியாரைச் சொன்னாளா என்று நாம் கேட்கவில்லை.

சிகிச்சை

ஊர் திரும்பிய அன்றே செங்கல் சுவரை இடித்தோம். மண்ணைக் கையாலும் சிறு குச்சியாலும் மெதுவாக அகற்றினோம். மண்வெட்டி பட்டால் வேர் அறுந்துவிடும். தண்டின் கிழக்குப் பக்கம் உள்ளங்கை இரண்டு அகலத்துக்குப் பட்டை அழுகி, தேன் நிறத்தில் பிசின் வடிந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் பட்டை நன்றாயிருந்தது. நம் இல்லாள் பெருமூச்சு விட்டாள்.

அழுகிய பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரையில் செதுக்கினோம். செதுக்கியதைக் கூட்டி எரித்தோம். புண்ணுக்குப் போர்டோப் பசை தடவினோம். அது செய்கிற விதம் இது: மயில்துத்தம் 100 கிராம் பொடித்து அரை லிட்டர் நீரில் கரைப்பது, நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டர் நீரில் நீற்றி ஆற வைப்பது, இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றிக் கலக்குவது. இரும்புப் பாத்திரம் கூடாது; மண் சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

இதே கலவையை நூறு லிட்டர் நீருக்கு ஒவ்வொரு கிலோ வீதம் கலந்தால் தெளிக்கிற போர்டோக் கலவை. சொறிக்கு அதுவே மருந்து. இதன் கதை வேடிக்கையானது. பிரான்ஸ் தேசத்தில் போர்டோப் பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, விஷம் போலத் தோன்றும்படி துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுவார்களாம். பூசிய கொடிகளுக்கு மட்டும் பூஞ்சண நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். திருடர்களுக்காகச் செய்தது மரங்களுக்கு மருந்தாயிற்று!

காய்ந்த கிளைகளை, பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரையில் வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் அரிவாளைச் சுத்தம் செய்தோம். வெட்டு வாயில் பசை தடவினோம். வெயில் சுடாமலிருக்கத் தண்டிலும் இரண்டடி உயரத்துக்குப் பூசினோம். சமையலறை நீரை வாழைக்குத் திருப்பினோம். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்ட வாய்க்கால் எடுத்தோம். யூரியாவை நிறுத்தினோம். அழுகிய வேர் குணமாகிற மட்டும் விருந்து வைக்கக் கூடாது. கஞ்சிதான் வைக்க வேண்டும். மக்கிய தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் மட்டும் வெளிவட்டத்தில் இட்டோம். மேலே சருகு பரப்பினோம். அந்தச் சருகும் தண்டைத் தொடாதபடி பார்த்துக் கொண்டோம்.

பிறகு காத்திருந்தோம். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான சிகிச்சை. ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மீதியிருந்த இலைகளும் கொட்டின. கொத்தனார் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆடி பிறந்து ஒரு வாரத்தில், வெட்டிய கிளையொன்றின் ஓரத்தில் கடுகளவு பச்சை தெரிந்தது. நாலு நாளில் மரம் முழுவதும் துளிர். பத்து லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 25 கிராம் வீதம் கலந்து அந்தத் துளிரில் தெளித்தோம். தரையில் கொட்டினால் பூட்டிக் கொள்ளும் துத்தநாகத்தை இலை வாங்கிக் கொண்டது. பறவை எச்சம் போலத் தோன்றி ஏமாற்றும் புழுக்கள் வந்து கொழுந்தைத் தின்றன. தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி நாற்றத்தைக் கக்குகிற அவற்றைக் கையாலேயே பொறுக்கினோம். அவைதான் பிற்பாடு அழகிய வண்ணத்துப் பூச்சிகளாகின்றன என்று இளைய மகள் வாதாடியதால், இரண்டை மட்டும் கருவேப்பிலைச் செடியில் குடியேற்றினோம்.

தாயாரிடம் சொன்னோம்

துளிர் வந்த அன்று மாலை தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். வெட்ட நினைத்ததைக் கூட மறைக்கவில்லை. அவர் கோபித்துக் கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "என்னைக் கொல்லைக்குக் கொண்டு போ" என்றார். விழுந்த நாள் முதல் அவர் கேட்காத ஒன்று அது. நாமும் கேட்கத் துணியாத ஒன்று. படி இறங்க முடியாதென்று நாமே தீர்மானித்து, நல்லெண்ணத்துடன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவரை உள்ளேயே வைத்திருந்தோம் அல்லவா? மரத்தைச் சுற்றிச் சுவர் கட்டியது மாத்திரம்தானா நம் குற்றம் என்று அப்போது தோன்றிற்று.

நாற்காலியோடு தூக்கிக் கொண்டு போய் மரத்தடியில் வைத்தோம். கையை நீட்டித் தண்டைத் தடவினார். பசை பூசிய இடத்தைத் தொட்டார். கொழுந்தொன்றைக் கசக்கி முகர்ந்தார். மறுநாளே ஒரு தச்சரைக் கொண்டு கொல்லைப் படியில் சரிவுப் பலகை போட்டுவிட்டோம். கொத்தனாரின் கார்க் கொட்டகைப் பணம் அதற்குப் போதுமானதற்கும் மேலாகவே இருந்தது.

இவ்வாண்டு மாசியில் மரம் பூத்தது. நிறையப் பூ உதிர்ந்தது. பலவீனமான மரம் எல்லாவற்றையும் தாங்காது, உதிர்ப்பது நல்லதுதான் என்று புளியங்குடியிலிருந்து போனில் சொன்னார் அண்ணாச்சி. ஆடியில் பதினொரு பழம் தேறிற்று. முன் காலத்து நூற்றுக்கணக்கை நினைத்தால் இது ஒரு கணக்கே அல்ல. முதல் பழத்தைத் தாயாரின் கையில் கொடுத்தோம். வழக்கம்போல் உருட்டினார், நகத்தால் கீறினார், முகர்ந்தார்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "தண்ணீர் தூரில் படவில்லையே?" என்றுதான் கேட்டார்.

"இல்லை, அம்மா" என்றோம். இந்தத் தடவை அது உண்மை.